உச்சி உருமத்தில் ஒரு குரல்

நம் கரிசல் சீமையில் பேய்க்கு ராத்திரி வேலை கிடையாது. ராத்திரியில் ஊரே வெளியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும். ஒருவர் இருமுவார், ஒருவர் கொட்டாவி விடுவார், ஒருவர் எழுந்து வேலியோரம் போவார். இந்தச் சந்தடியில் எந்தப் பேய் வந்து என்னத்தைச் சாதிக்க முடியும்? இங்கே பயப்பட வேண்டியது பகலுக்குத்தான். சித்திரை வைகாசியில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது தெருவில் ஒரு நாய் இருக்காது. உச்சி உருமம் என்பார்கள். ஓடைக்கரை முனி ஊருக்குள் நடமாடுகிற நேரம் அது.

அந்த முனிக்கு உருவம் கிடையாது, குரல் மட்டும்தான். அதுவும் சொந்தக் குரல் இல்லை. யாருடைய குரலுக்காக நாம் ஏங்கிக் கிடக்கிறோமோ அந்தக் குரலை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும். நின்று ஒரே ஒரு தடவை கூப்பிடும். மனுஷன் என்றால் பதில் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுவான், அலுத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மூன்றாவது குரலுக்குக் கதவைத் திறக்கலாம். முதல் குரலுக்கு "யாரு" என்று கேட்டாலும் போச்சு, எட்டிப் பார்த்தாலும் போச்சு. பரளச்சி ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் இது தெரியும்.

சௌந்தரம் பரளச்சியில் பிறந்து பரளச்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் ராமசுப்பு ஊருக்குள் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீடு மட்டும் கீழக்கடைசியில். அதைத் தாண்டினால் பருத்திக்காடுதான். அறுபத்தொன்பதாம் வருஷம், கத்திரி வெயில் நாள். ராமசுப்பு சரக்கெடுக்க அருப்புக்கோட்டை போயிருந்தார். மகள் மாரி ரெட்டியபட்டியில் அத்தை வீட்டில் இருந்தாள். சௌந்தரம் கதவைச் சாத்திக்கொண்டு கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்து வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்த கருவாட்டுக் குழம்பை இறக்கப் போனாள்.

"அக்கா."

வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது குரல். அவள் தம்பி வெள்ளத்துரையின் குரல். 'அ'வைக் கொஞ்சம் இழுத்து, 'க்கா'வைத் தரையில் போட்டதுபோல் முடிக்கிற அதே விதம். சின்ன வயசில் பசியோடு வரும்போது அப்படித்தான் கூப்பிடுவான்.

கரண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள், வளையல் குலுங்கியது. அப்போதுதான் நேரம் நினைவுக்கு வந்தது. நிலைக்கு மேலே ஓட்டுச் சந்து வழியாக விழும் வெயில் பொட்டு நேர் கீழே, அவள் கால் பெருவிரலின்மேல் இருந்தது. உச்சி உருமம். போன மாசம்தான் அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள், செத்துப்போன தங்கச்சி குரலுக்கு "என்னடீ" என்று கேட்டுவிட்டுக் காய்ச்சலில் விழுந்து, முடியெல்லாம் கொட்டிப் பாதி ஆளாக எழுந்திருந்தாள்.

'இன்னொரு தடவை கூப்பிடுடா, சாமி' என்று மனசுக்குள் கெஞ்சியபடி நின்றாள். தாழ்ப்பாள் கைக்குள் வெந்தது. குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. இரண்டாவது குரல் வரவில்லை. வெயில் பொட்டு நகர்ந்து சுவரில் ஏறியபிறகு கதவைத் திறந்து பார்த்தாள். படலுக்கு வெளியே அனல்காற்று புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. காலடித் தடம் இருந்தாலும் தெரிந்திருக்காது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமாகவா இருந்தது? தம்பிக்கும் இந்த வீட்டுக்கும் அப்போது போக்குவரத்து இல்லை. காரணம் அதற்கும் மூன்று வருஷத்துக்கு முந்தின கதை. மாரி வயசுக்கு வந்து சடங்கு வைத்தார்கள். தாய்மாமன்தான் பச்சை ஓலை கொண்டுவந்து, பிள்ளை உட்காரக் குச்சில் குடிசை கட்ட வேண்டும், அவன் கொண்டுவரும் சேலையைத்தான் பிள்ளை முதலில் உடுத்த வேண்டும். வெள்ளத்துரை பட்டணத்துப் பக்கம் செங்கல்பட்டில் மளிகைக் கடை வைத்திருந்தான். மனைவிக்கு நிறைமாசம், அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு இவன் மட்டும் புறப்பட்டான். ரயிலும் பஸ்ஸும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொண்டதுபோலத் தாமதம். நல்ல நேரம் போகிறது, போகிறது என்று சபையில் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ராமசுப்பு, சௌந்தரத்தின் சித்தப்பா மகன் சீனிச்சாமியைக் கூப்பிட்டு ஓலையைக் கையில் கொடுத்துவிட்டார்.

குச்சில் கட்டி முடித்து, பந்தியில் மூன்றாவது வரிசை எழுந்திருக்கும்போது வெள்ளத்துரை வந்து சேர்ந்தான். வேர்வையில் நனைந்த சட்டை, கையில் சேலைப் பொட்டலம். இன்னொருவன் கட்டிய குச்சிலைப் பார்த்தான். பொட்டலத்தை அதன் வாசலில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் பேசாமல், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் வந்த வழியே திரும்பிவிட்டான். ராமசுப்பு பின்னாலேயே போய்க் கூப்பிட்டிருக்கலாம். "வர்ற நேரத்துக்கு வரத் தெரியலை, கோவத்துக்குக் கொறச்சல் இல்லை" என்று அவரும் முறுக்கிக்கொண்டார். நடுவில் கிடந்து நசுங்கியது சௌந்தரம்தான்.

இப்போது அந்தக் குரல் வேறு சேர்ந்துகொண்டது. உச்சிப்பொழுது ஆனால் போதும், அம்மி அரைக்கிற கை தானாக நின்றுவிடும். காற்றில் படல் கிரீச்சிட்டால் கதவைப் பார்ப்பாள். வந்தது முனி என்றால் நல்லது, தப்பித்தோம். தம்பி என்றால்? கூடப்பிறந்தவன் சடைவை எல்லாம் விழுங்கிவிட்டு அந்த வெயிலில் நடந்து வந்து வாசலில் நிற்க, உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்காத பாவி யார்? வந்தது முனியாகவே இருக்கட்டும் என்று முனிக்கே பொங்கல் வைத்து வேண்டிக்கொண்டாள். பேய் வந்ததாக இருக்கட்டும் என்று சாமி கும்பிட்டவள் நம் சீமையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பக்கத்து வீட்டார் அவளுக்கு லேசாகக் காது மந்தம் என்று நினைத்தார்கள். எதிரே நிற்பவர் பேச்சு அவளுக்குக் கேட்காது. அவள் எப்போதும் அந்த இரண்டாவது குரலுக்காகக் காதைக் கொடுத்தபடி இருந்தாள்.

எழுபத்திரண்டில் மாரிக்குக் குமாரலிங்கபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு, எங்க இருக்காக?" ராமசுப்பு அன்று வீட்டுக்கு வந்து, "சரி, நேர்ல போயித் தாம்பூலம் வச்சு அழைச்சிட்டு வருவோம். சபையில அவன் இல்லைன்னா ஊரு சிரிக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

விருதுநகரில் ரயில் ஏறினார்கள். விடியும்போது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். ரயில் ஏரிக்குள்ளேயே ஓடுவதுபோல இருந்தது. ஐப்பசி மழைக்கு நிரம்பிய செங்கல்பட்டு ஏரி அது. கண்மாய் என்றால் வெடித்த களிமண் என்று பார்த்துப் பழகிய சௌந்தரத்துக்கு, இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு இந்த ஜனங்கள் ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று புரியவில்லை. ஸ்டேஷனில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் டிபன் பாக்ஸோடு மின்சார ரயிலுக்கு நின்றார்கள். காலையில் பட்டணத்துக்குப் போய் விளக்கு வைத்தபிறகு திரும்புகிறவர்கள். பகலில் அந்த ஊர் பாதி ஊர்தான். பழைய கோட்டை ஒன்று இருந்தது. மதிலை வெட்டி ரயிலை விட்டிருந்தார்கள், உள்ளே சர்க்கார் ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. யுத்தம் நடந்த இடத்தில் இப்போது பியூன் டீ வாங்க ஓடினான்.

வெள்ளத்துரையின் கடை ஸ்டேஷனுக்கு அருகில், வீடு அதன் பின்கட்டு. தலை நரைத்து, தொப்பை விழுந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்தான். "வாங்க அத்தான், வாக்கா" என்றான். வந்தவர்களை 'வா' என்று சொல்லாமல் இருக்க முடியாது என்பதற்காகச் சொன்ன மாதிரி இருந்தது.

அவன் மனைவி கோகிலாம்பாள்தான் வீட்டை நிறைத்தாள். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், வாய் ஓயாதவள். "அண்ணி, அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நம் பக்கம் மதினி என்று கேட்டுப் பழகிய சௌந்தரத்துக்குச் சினிமாவில் யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. ராமசுப்பு வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை வைத்த தட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னார். வெள்ளத்துரை தட்டை வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காட்டி, "வைங்க அத்தான். தை மாசம் கடையில வியாபார நேரம். பாக்கலாம்" என்றான். தட்டு பெஞ்சிலேயே இருந்தது.

கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்து சௌந்தரம் கல்லாப் பக்கம் வந்தாள். மூன்று வருஷம் சுமந்த கேள்வியை, உப்பு விலை கேட்கிறதுபோலக் கேட்டாள்.

"ஏலே, நம்ம ஊருப் பக்கம் மூணு வருசத்துக்கு முந்தி, கத்திரி நேரத்துல வந்தியா?"

வெள்ளத்துரை பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "நான் எங்க வந்தேன்? கடையப் போட்டுட்டு எங்க வர முடியுது" என்றான்.

சௌந்தரத்துக்குத் தலையிலிருந்து நெல் மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. முனிதான். சத்தியமாக முனிதான். அன்றைக்கு அவள் மூன்று தோசை சாப்பிட்டாள், வாய்விட்டுச் சிரித்தாள், கணவரே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் கோகிலாம்பாள் அவளைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போனாள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவதுதான் அந்தச் சீமையில் வழக்கம். ராமசுப்பு முட்டிவலியைச் சொல்லிக் கடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். மலையில் ஏற ஏறப் படி சுட்டது. பாறைமேல் ஜனங்கள் குடையும் முந்தானையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார். தினமும் உச்சிப்பொழுதுக்கு இரண்டு கழுகுகள் வருமாம், அவர் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகுமாம்.

"ராமேஸ்வரத்துல குளிச்சிட்டு, இங்க சாப்பிட்டுட்டு, காசிக்குப் போயிடும்னு சொல்லுவாங்க அண்ணி" என்றாள் கோகிலாம்பாள்.

ராமேசுவரத்திலிருந்து என்றால் நம் ஊருக்கு மேலாகத்தான் வர வேண்டும் என்று சௌந்தரம் நினைத்துக்கொண்டாள். அவள் ஊரில் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடக்கிற அதே நேரத்தில், இங்கே இத்தனை பேர் கையைக் கூப்பிக்கொண்டு, எதுவோ வரட்டும், வந்து சாப்பிடட்டும் என்று காத்திருந்தார்கள். அது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"விருந்தாளின்னா இப்படித்தான் காத்திருக்கணும், இல்ல?" கோகிலாம்பாள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். "நீங்க இவருக்குப் போட்ட சாப்பாடு பத்தி இன்னிக்கும் பேசுவாரு, தெரியுமா?"

"எந்தச் சாப்பாடு?"

"என்ன அண்ணி, மறந்துட்டீங்களா? மூணு வருஷம் ஆகுது. வெயில்ல மொளகா வத்தல் எடுக்க விருதுநகர் போனாரே. 'இவ்வளவு தூரம் வந்துட்டு அக்காவைப் பாக்காம எப்படி வர்றது, போதும் கோவம்'னு பஸ் ஏறி உங்க வீட்டுக்கு வந்தாரே. திரும்பி வந்தப்போ கால் பூரா கொப்புளம், ஆள் கறுத்துச் சுருங்கிப் போய்ட்டாரு. நான் பயந்துட்டேன். 'அக்கா கம்பஞ்சோறும் கருவாட்டுக் கொழம்பும் போட்டா, பக்கத்துலயே உக்காந்து விசிறினா, கிளம்பவே விடலை'ன்னு சொன்னாரு. பழசெல்லாம் அன்னிக்கே சரியாப் போச்சுன்னாரு. நான் சாமிக்குத் தேங்கா ஒடைச்சேன்."

கம்பஞ்சோறு. கருவாட்டுக் குழம்பு. அன்று அவள் வீட்டில் என்ன வெந்தது என்று அவளைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. படலுக்கு வெளியே நின்றவன் மூக்குக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

"அதோ, அதோ!" என்று கூட்டம் எழுந்தது. வெள்ளையாக இரண்டு பறவைகள் வட்டமடித்து இறங்கி, அசட்டு நடை நடந்துவந்து கிண்ணத்தில் மூக்கை வைத்தன. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சௌந்தரம் மட்டும் பாறையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஊர் பேர் தெரியாத பறவைக்குக் கூட உச்சிப்பொழுதில் ஒரு வாய் சோறு கிடைக்கிறது. தன் தம்பிக்குத் தன் வாசலில் கிடைக்கவில்லை. பக்தி என்று நினைத்துக் கோகிலாம்பாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் திரும்பியபோது கடையை மதியத்துக்குச் சாத்தியிருந்தார்கள். ராமசுப்பு உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கோகிலாம்பாள் பள்ளிக்கூடத்திலிருந்து மகனைக் கூட்டிவரப் போனாள். வெள்ளத்துரை இருட்டுக் கடைக்குள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். சௌந்தரம் எதிரே போய் நின்றாள்.

"நீ வந்திருக்கே."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கோகிலா சொல்லிட்டாளாக்கும்."

"ஏண்டா பொய் சொன்னே?"

"எதைச் சொல்றே? ஒங்கிட்டச் சொன்னதையா, அவகிட்டச் சொன்னதையா?" அவன் குரலில் கோபம் இல்லை. "எங்க அக்கா வீட்ல கதவு தொறக்கலைன்னு கட்டினவகிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்கு அவ ஒன்னைப் பாக்கும்போது அந்த நெனப்புலதான பாப்பா?"

"இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம்லடா. நீ நம்ம ஊருல பொறந்தவன்தானே? ஒனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். மூணு தடவை கூப்பிடணும்னு தெரிஞ்சுதான் ஒரு தடவை கூப்பிட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "ரெட்டியபட்டியில எறங்கி நடந்து வந்தேன். ரோடு முழுக்க அதான் யோசனை. மூணு தடவை கூப்பிடறது அசலாளுக்கு, அக்கா. கூடப் பொறந்தவளுக்கு ஒரு கொரலு போதாதா? ஒரு கொரல்ல நீ தொறந்துட்டா எல்லாத்தையும் மறந்துறணும்னு நெனச்சேன். நீ தாப்பாகிட்ட வந்துட்டே. வளையல் சத்தம் கேட்டுச்சு. எங்கொரலுன்னு ஒனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் தொறக்கலை."

"தெரிஞ்சதுனாலதாண்டா தொறக்கலை!" என்றாள் சௌந்தரம். "வேற யாரு கொரலா இருந்தாலும் தொறந்திருப்பேன். ஒன்னைய நெனச்சு நெனச்சு நான் கெடந்த கெடப்புக்கு, அது ஒன் கொரல்லதான் வரும்னு எனக்குத் தெரியும். அச்சு அசலா ஒன் கொரலு. அதான் பயந்துட்டேன்."

வெள்ளத்துரை அவளை நிமிர்ந்து பார்த்தான். "முனி வரும்னு நம்பியிருக்கே, அக்கா. நான் வருவேன்னு நம்பலை."

அது உண்மை. மூன்று வருஷமாக அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளாத ஒரே கேள்வி அதுதான். அவன் எழுந்து கடைக் கதவைத் திறந்தான். வெளிச்சத்தில் தாம்பூலத் தட்டு பெஞ்சில் அப்படியே இருந்தது. அவன் அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

அடுத்தநாள் காலையில் கோகிலாம்பாள் பிடிவாதமாக நின்றாள். "சாயங்காலம் ரயில் ஏறிடுவீங்க. அந்தக் கொழம்பை உங்க கையால இன்னிக்கு வெச்சுட்டுத்தான் போகணும். நான் வெச்சா 'அக்கா வெச்ச மாதிரி இல்லை'ன்னு தட்டைத் தள்ளுறாரு." சொல்லிக்கொண்டே கடையிலிருந்து கம்பு கொண்டுவந்து கொட்டினாள். சௌந்தரம் மறுபேச்சுப் பேசாமல் கம்பை நனைத்து இடித்தாள், புடைத்தாள், கிண்டினாள். ஒவ்வொரு இடிக்கும் அன்றைக்குக் கருகிப்போன குழம்பின் வாசம் மூக்கில் ஏறியது.

உச்சிப்பொழுதுக்கு அத்தானும் மச்சானும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். ராமசுப்பு ரசித்துச் சாப்பிட்டார். வெள்ளத்துரை உருண்டையைக் குழம்பில் தோய்ப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

"என்னங்க, அன்னிக்கு ஊர்ல சாப்பிட்ட மாதிரியே இருக்குதா?" என்று கேட்டாள் கோகிலாம்பாள்.

ராமசுப்புவின் கை நின்றது. "எந்த ஊர்ல? என்னைக்கு?"

"உங்க வீட்லதான் அண்ணா. மூணு வருஷம் முன்னால வந்தாரே."

"எங்க வீட்டுக்கா? மாப்ள வந்தாரா? எனக்குத் தெரியாம எப்ப வந்தாரு?"

கோகிலாம்பாளின் சிரிப்பு பாதியில் நின்றது. கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், காதுமடல் சிவந்திருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவன் கட்டிக் காத்த சாப்பாடு நடுவீட்டில் உடைந்துவிடும் என்று சௌந்தரத்துக்குத் தெரிந்தது.

"நாந்தான் ஒங்ககிட்டச் சொல்லலை" என்றாள்.

"எதைச் சொல்லலை?"

"இவன் வந்ததை. நீங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தீக. மாரியும் இல்லை. சொன்னா, 'நான் இல்லாத நேரம் பாத்து வந்தானாக்கும்'னு பேசுவீகன்னு சொல்லாம விட்டுட்டேன்."

ராமசுப்பு அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் ஒளித்தது என்று ஒன்றும் கிடையாது. "எம் பொஞ்சாதி மூணு வருசமா எங்கிட்ட மறைச்சிருக்கா. நல்லாருக்கு" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. ஊர் போய்ச் சேரும்வரை இந்த மனிதர் பேசமாட்டார், அதற்கப்புறமும் வெகுநாள் குத்திக்காட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். இருக்கட்டும். அவளுக்கு அது வலித்தது, வலிக்கட்டும் என்றும் இருந்தது.

கோகிலாம்பாள் சபையைச் சமாளிக்கப் பார்த்தாள். "அதனால என்ன அண்ணா, அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். அண்ணி, அந்த வெயில்ல இவரு எப்படி வந்து நின்னாரு? எங்கிட்ட அதைச் சரியாவே சொல்லலை."

சௌந்தரம் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நல்ல உச்சி உருமம். கதவைச் சாத்திக்கிட்டு அடுப்படியில நின்னேன். சட்டையெல்லாம் நனைஞ்சுபோயி, செருப்பு வார் அந்து, படல்கிட்ட நின்னான். கூட்டியாந்து கால் கழுவத் தண்ணி ஊத்தினேன். கொப்புளத்துல தண்ணி பட்டதும் சின்னப்பிள்ளையாட்டம் காலை இழுத்துக்கிட்டான். ரெண்டு செம்புத் தண்ணி குடிச்சான். சோறு வச்சேன். பேசவே இல்லை, சாப்பிட்டான். பாதியில அழுதான். நானும் அழுதேன். சாஞ்சு படுடான்னேன், சாயங்கால பஸ்ஸு வரைக்கும் தூங்கினான். நான் விசிறிக்கிட்டே இருந்தேன்."

சொல்லச் சொல்ல அவளுக்கு அது நடந்ததுபோலவே இருந்தது. அவன் கழுத்து வேர்வைகூடத் தெரிந்தது. நடக்கவில்லை என்பதும் கூடவே தெரிந்தது. இனி எத்தனை தடவை தாய்மாமனாக வந்தாலும், எத்தனை பந்தியில் சாப்பிட்டாலும், அந்த ஒரு மத்தியானம் மட்டும் நடக்காமலே கிடக்கும்.

ராமசுப்புவுக்குக் கோபத்துக்கு நடுவிலும் ஒரு சந்தேகம். அவரும் பரளச்சிக்காரர்தானே. "மூணு தடவை கூப்பிட்டாரா?"

"ஒரு தடவைதான் கூப்பிட்டான்."

"ஒரு தடவையிலயா தொறந்தே? உச்சி உருமத்துலயா?" அவர் நிஜமாகவே பதறிப்போனார். "கூறுகெட்டவளே! வேற எதுவுமா இருந்திருந்தா?"

"எந்தம்பி கொரலு எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் சௌந்தரம்.

வெள்ளத்துரை எச்சில் கையோடு எழுந்து கொல்லைக்குப் போனான். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "காரம் ஏறிடுச்சு போல" என்றாள் கோகிலாம்பாள். அவன் முகமெல்லாம் நனைந்து திரும்பி வந்தான், துடைத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் இலை முன்னால் உட்கார்ந்தான்.

"கோகிலா, அந்தத் தாம்பூலத்தை எடுத்து உள்ள வை" என்றான். "அக்கா, இன்னும் ஒரு உருண்டை வை. அன்னைக்கு ரெண்டு வச்சே."